கொண்டை போட்ட பயில்வான்கள்

பாரி கம்பெனியின் மிட்டாய் அடைத்து வந்த சதுரத் தகர டப்பா ஒன்று, மூடியின் மேலிருந்த சித்திரம் முக்கால்வாசி தேய்ந்து, மூலைகளில் துருவேறி, 65 வருஷங்களுக்கு மேலாக என்னோடு வீடு விட்டு வீடு குடிபெயர்ந்துகொண்டிருக்கிறது. அரியலூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்திருந்த அது, உத்தியோக நிமித்தம் நான் போன ஊர்களையெல்லாம் பரண்மீதிருந்தே பார்த்துவிட்டு, இப்போது பெரம்பலூரில் என் மேஜையின் கீழ்த் தட்டில் வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டில் அதற்குத் 'தாத்தா குப்பை' என்று பெயர். அந்தப் பெயரில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதனுள் இருப்பவை, இருநூற்றுச் சொச்சம் தீப்பெட்டிப் படங்கள், தட்டையாக்கிய சிகரெட் அட்டைகள் ஒரு கட்டு, பஞ்ச் செய்த பழைய ரயில் டிக்கெட்டுகள், உள்ளங்கை அகலத்தில் ஒரு நத்தைக் கல், ஜப்பான் தேசத்து மல்லன் ஒருவனுடைய படம் போட்ட வட்டமான அட்டை, கழுத்தில் சிவப்பு நூல் கட்டிய ஒரு காகிதப் பொம்மை ஆகியவையே. இவற்றில் விலைபோகக்கூடியது அந்த வட்ட அட்டை ஒன்றுதான் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

என் தகப்பனார் அரியலூர் ஸ்டேஷனில் கூட்ஸ் கிளார்க்காக இருந்தார். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளி போகும் கார்டு லைனில் ஓடிய எக்ஸ்பிரஸ் வண்டிகள் தண்ணீர் பிடிக்கவும் ஆள் ஏற்றவும் அங்கே நின்று போகும். அந்தக் காலத்தில் ஆண்மக்கள் ரயிலில் புகைபிடிப்பதற்கு யாருடைய அனுமதியையும் நாடியதில்லை, காலிப் பெட்டியை ஜன்னல் வழியே வீசுவதற்கு யோசித்ததும் இல்லை. ஆகவே சென்னையிலும் தூத்துக்குடியிலும் எந்தெந்தக் கடையில் என்னென்ன தீப்பெட்டி விற்கிறதோ அத்தனையும் எங்கள் ஸ்டேஷனின் கருங்கல் ஜல்லிமேல் வந்து விழுந்தன. கடைத்தெருப் பையன்களுக்கு மாதத்துக்கு ஒரு புதுப் படம் கிடைத்தால் அதிகம். குவார்ட்டர்ஸ் பையன்களாகிய எங்களுக்கோ ஒவ்வொரு வண்டியும் ஒரு தபால்காரன் மாதிரி.

தீப்பெட்டியிலிருந்து படத்தைப் பெயர்ப்பது பதற்றக்காரனுக்கு வராத வித்தை. அப்போது பெட்டிகள் அட்டையால் செய்தவை அல்ல. சன்னமாகச் சீவிய மரத்தகட்டை மடித்து, நீலக் காகிதத்தால் இறுக்கி, அதன் முகத்தில் படத்தை ஒட்டியிருப்பார்கள். சர்க்கார் வரிக்கு அடையாளமான காகிதப் பட்டை ஒன்று அதன் குறுக்கே ஒட்டியிருக்கும். திறக்கிறவன் அதைக் கிழிக்கிற வேகத்தில் படத்தின் ஒரு மூலையையும் சேர்த்துக் கிழித்துவிடுவான். அப்படிக் கிழிந்தது எங்களுக்குள் அரைப் படம் என்றே செல்லும். பித்தளைக் கிண்ணியில் குளிர்ந்த தண்ணீர் வைத்து, பெட்டியைக் கவிழ்த்து மிதக்கவிட்டு, பசை இளகிப் படம் தானாக நகர்கிற வரை கையை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வெந்நீர் வைத்தால் சிவப்பு கசிந்து மஞ்சளுக்குள் ஓடிவிடும். ஈரம் சொட்டும் படத்தைச் சிலேட்டின்மேல் முகம் குப்புறப் போட்டு உலர்த்தி, தகப்பனாரின் கட்டண விகிதப் புத்தகத்துக்குள் வைத்து, அந்தப் புத்தகத்தின்மேல் நானே ஏறி உட்கார்ந்துகொள்வேன். அந்தத் தடித்த புத்தகத்தின் பல பக்கங்களில் கப்பல்களும் குதிரைத் தலைகளும் தலைகீழாகப் பதிந்திருந்தன. தகப்பனார் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. பார்க்கவில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜப்பானுக்கும் எங்கள் தீப்பெட்டிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. வாலிகண்டபுரத்தில் என் ஆயா, அதாவது அம்மாவைப் பெற்றவள், தன் மரப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் யானைப் படம் ஒன்றை ஒட்டிவைத்திருந்தாள். அம்பாரியும் முகபடாமும் தரித்த அந்த யானையின் காலடியில், எறும்பு வரிசை போன்ற இங்கிலீஷ் எழுத்தில், ஜப்பானில் செய்தது என்று போட்டிருந்தது. கோபேயிலும் ஒஸாகாவிலும் இருந்த தீக்குச்சித் தொழிற்சாலைகள், இந்த நூற்றாண்டின் முதல் இருபது வருஷங்களில், நம் ஜனங்கள் எதைப் பார்த்தால் காசை எடுப்பார்கள் என்று ஊகித்து, யானையையும் தெய்வங்களையும் அச்சடித்துக் கப்பல் கப்பலாக இங்கே அனுப்பிக்கொண்டிருந்தன. 1922-இல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்குச் சர்க்கார் வரியை உயர்த்தியபின் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. அதே வருஷம் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். ஸ்வீடன்காரர்களுடைய விம்கோ கம்பெனி 1923-இல் ஏற்பட்டது. (இந்த நூற்றாண்டு என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டேன். சென்ற நூற்றாண்டு என்று படித்துக்கொள்ள வேண்டும்.) ஆயாவுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரியாது. ஜப்பான்காரன் அனுப்பிய யானை அது என்பது மட்டும் தெரியும். 1943-க்குப் பிறகும் அதை ஏன் அவள் கிழித்துப் போடவில்லை என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

எங்கள் சேகரத்துக்கு ஒரு தடை ஏற்பட்ட காலத்தையும் சொல்ல வேண்டும். 1956-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், மருதையாற்று வெள்ளம் பாலத்தை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவியை விட்டார். பெரியவர்கள் அதைப் பேசுவதைக் கேட்ட எனக்கு அப்போது ஒன்பது வயது. தகப்பனார் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. வந்த அன்று கிணற்றடியில் வெகுநேரம் குளித்தார். அதன்பின் ஒரு நாள் நாங்கள் நாலைந்து பையன்கள் தண்டவாளத்தை ஒட்டி நடந்து போனபோது, வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன சேற்றில் ஒரு சிகரெட் பெட்டி, கசங்காமல், கத்தரி மார்க், பாதி புதைந்து கிடந்தது. எல்லோரும் பார்த்தோம். பாயின்ட்ஸ்மேன் மகன், எங்களுக்குள் பேராசையில் முதல்வன், காலால் அதன்மேல் மண்ணைத் தள்ளிவிட்டு முன்னால் நடந்தான். தை பிறக்கும்வரை அந்தத் திசையில் நாங்கள் எதையும் பொறுக்கவில்லை.

தீப்பெட்டிப் படம் சேர்ப்பதற்கு. சிகரெட் அட்டை ஆடுவதற்கு. இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறவர்கள் இரண்டையும் அறியாதவர்கள். பெட்டியைப் பிரித்து முகப்பையும் முதுகையும் தனியே கிழித்தால் இரண்டு அட்டை கிடைக்கும். தரையில் வட்டம் போட்டு நடுவில் ஆளுக்கு இத்தனை என்று அடுக்கி, தூரத்துக் கோட்டிலிருந்து சில்லை எறிந்து, வட்டத்துக்கு வெளியே தள்ளியதெல்லாம் தள்ளியவனுக்கு. சார்மினார் மலிவு, ஒன்றுக்கு ஒன்று. கத்தரிக்கு அதைவிட மேல். உயர்ந்த தொப்பிக்காரன் படம் போட்ட பாஸிங் ஷோ இன்னும் மேல். கோல்ட் ஃபிளேக் வைத்திருப்பவன் தன்னைக் குட்டி ஜமீன்தாராகவே பாவித்துக்கொள்வான். அரியலூரில் இந்த ஆட்டத்துக்கு வேறெங்கும் இல்லாத ஒரு விசேஷம் உண்டு. மற்ற ஊர்ப் பையன்கள் ஓட்டுச் சில்லு எறிந்தார்கள். நாங்கள் எறிந்தது நத்தைக் கல். சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழிகளிலும் ஓடைக் கரைகளிலும் சிப்பி வடிவிலும் ஆட்டுக்கொம்புச் சுருள் வடிவிலும் கற்கள் கிடக்கும். சிப்பிக் கல் கைக்கு அடக்கம், ஓரம் கூர்மை, ஓட்டைப் போல உடையாது.

ஏறக்குறைய 7 கோடி வருஷங்களுக்கு முன்னால் கடலுக்கடியில் உயிரோடிருந்த பிராணியை நாங்கள் பாஸிங் ஷோவின்மேல் எறிந்துகொண்டிருந்தோம் என்பது பின்னால் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டது. கே, கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் இந்தப் பக்கத்துக் கற்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்பவர் 1846-இல் அவற்றை வர்ணித்து எழுதினார். பிறகு ஸ்டோலிச்கா வந்து பெரிய பெரிய புத்தகங்களாகவே போட்டார். மாஜிஸ்திரேட்டு வேலையை விட்டுவிட்டு ஓடையில் கல் பொறுக்கிய அந்தத் துரைமார்களிடத்தில் எனக்கு எப்போதும் ஒரு பங்காளிப் பிரியம் உண்டு. ஜப்பானின் ஹொக்கைடோத் தீவிலும் இதே வம்சத்துச் சுருள் கற்கள் அகப்படுகின்றன என்று வாசித்தபோது, ஜப்பான் எங்களை விடுவதாயில்லை என்று சிரித்துக்கொண்டேன்.

1958-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில் சின்ன மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தார். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி, வாலிகண்டபுரத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவருடைய டிரங்குப் பெட்டியைச் சுற்றி ஊரே உட்கார்ந்துகொண்டது. டார்ச் லைட்டு, கோடாலித் தைலம், கைலி எல்லாம் பெரியவர்களுக்குப் பங்காகிவிட்டபின், சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து, "இந்தாடா, நீதான் படம் சேக்குற பயலாமே" என்று என்னிடம் கொடுத்தார். சேஞ்ச் ஆலி என்று சிங்கப்பூரில் ஒரு சந்து இருக்கிறதாம், கப்பல்காரர்கள் கொண்டுவருகிற சாமான்கள் அங்கே கூவிக் கூவி விற்குமாம், அங்கே வாங்கினாராம். பிரித்தேன். வட்ட வட்டமாய் ஐந்து அட்டைகள்.

அவற்றை முதன்முதலாகக் கையில் ஏந்திய கனம் இன்னும் விரல்களில் இருக்கிறது. சிகரெட் அட்டை போல வளையாது. ரயில் டிக்கெட்டின் கனத்தை இரண்டு பங்காக்கினது போல் இருக்கும். முகத்தில் ஓர் ஆள். இடுப்பில் பட்டையாக ஒரு துணி, மற்றபடி திகம்பரம். தொந்தியோ விநாயகருக்கு அண்ணன். தலையில் எண்ணெய் தடவி வழித்துக் கட்டிய கொண்டை. அச்சடித்தவன் அவசரத்தில் இருந்தானோ என்னவோ, கன்னத்து ரோஜா நிறம் கன்னத்தை விட்டு இரண்டு நூல் தள்ளிக் காற்றில் நின்றது. ஓரத்தில் ஒரு நீளமான எண்ணும், பக்கத்தில் சின்னதாக ஒரு கையும் இருந்தன. ஒன்றில் மூடிய கை, ஒன்றில் இரண்டு விரல் நீட்டிய கை, மற்றொன்றில் விரித்த உள்ளங்கை. விரித்த கையை ஆயா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அபயம் குடுக்குறான் பாரு" என்றாள். எண்ணைப் பற்றித் தகப்பனாரைப் பின்னால் கேட்டபோது, டிக்கெட் நம்பராக இருக்கும் என்று தம்முடைய இலாகாவைத் தாண்டாமல் பதில் சொன்னார்.

ஆள் யார் என்ற கேள்விக்கு மாமாவிடம் தயாராக விடை இருந்தது. அக்காலத்தில் தமிழ்நாட்டில் குஸ்தி என்றால் கிங்காங்கும் தாராசிங்கும்தான். சுவரொட்டியில் இருவரும் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தே பள்ளிக்கூடம் இரண்டு கட்சியாகப் பிரியும். ஹங்கேரி தேசத்தில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறியவன் கிங்காங். மாமா அவனை நேரில் பார்த்தவர். அந்த மலையை 1955-இல் டோக்கியோவில் ரிக்கிடோஸான் என்ற ஜப்பானியன் வென்று ஆசியப் பட்டத்தைப் பெற்றான். அவன் முதலில் சுமோ மல்லனாக இருந்து பிறகு மேல்நாட்டுக் குஸ்திக்கு வந்தவன். இவ்வளவும் உண்மை. மாமா ஐந்து அட்டைகளில் பார்வைக்குக் கடுமையான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "இவன்தான் அவன்" என்றார். அது பொய். ஆனால் அதைப் பொய்யென்று அறிய எனக்கு 50 வருஷத்துக்குமேல் ஆயிற்று. கிங்காங்கை வீழ்த்தியவன் என் டப்பாவில் இருக்கிறான் என்ற கர்வத்தோடு அரியலூருக்குத் திரும்பினேன்.

கர்வத்துக்கு என்ன கதி நேருமோ அதுவே நேர்ந்தது. கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஆட்ட வட்டத்தில் நான் ஒரு மல்லனை இறக்கியபோது, இதற்கு மதிப்பு எவ்வளவு என்று பெரிய வழக்கு எழுந்தது. பாஸிங் ஷோவுக்குமேல், பத்துச் சார்மினாருக்குச் சமம் என்று நான் வாதித்தேன். கடையில் விற்காத வஸ்துவுக்கு மதிப்பே கிடையாது, அது செல்லாக் காசு என்று பாயின்ட்ஸ்மேன் மகன் வாதித்தான். பின்னாளில் பொருளாதாரம் படித்தபோதெல்லாம் அவன் ஞாபகம் வரும். முடிவில் ஐந்து சார்மினார் என்று தீர்ந்தது. அவன் கையில் என்னுடையதைவிட நல்ல நத்தைக் கல் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு மல்லர்கள் போனார்கள். மறுநாள் அவர்களை மீட்கப் போய் மூன்றாமவனையும் விட்டேன். நான்காவது அட்டையைத் தங்கை பல் முளைக்கிற பருவத்தில் மென்றுவிட்டாள். ரிக்கிடோஸானை மட்டும், ஒரே ஒரு தடவை வட்டத்தில் வைத்து, கல் அவன் விளிம்பில் பட்டு நசுங்கின சத்தத்தைக் கேட்டதும், அழுது புரண்டு ஆட்டத்தைக் கலைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். அது யோக்கியமான காரியம் அல்ல. எதிரி எடுத்திருக்க வேண்டிய அட்டைதான் அது. பல வருஷங்களுக்குப் பின் அந்தப் பாயின்ட்ஸ்மேன் மகனைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், இருவருக்கும் தலை நரைத்தபின், சந்தித்து இந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவனுக்கு ஜப்பான் அட்டை எதுவும் நினைவில் இல்லை. நான் ஒரு கப்பல் படம் அவனுக்குப் பாக்கி தர வேண்டும் என்பது மட்டும் தெளிவாக நினைவிருந்தது.

தங்கையின் பேரன் ஒருவன் கம்ப்யூட்டர் வேலையாக ஜப்பானில் இருக்கிறான். சில வருஷங்களுக்கு முன் விடுமுறையில் வந்தவன், டப்பாவைக் கிளறி, அட்டையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போய், அங்கே தெரிந்தவர்களிடம் காட்டி விவரம் அனுப்பினான். அதற்கு மென்கோ என்று பெயர். எதோ காலத்துப் பையன்கள் களிமண்ணில் செய்ததும், மெய்ஜி காலத்தில் ஈயத்தில் வார்த்ததும், ஈயம் உடம்புக்குக் கெடுதல் என்ற பயம் வந்தபின் காகித அட்டைக்கு மாறியதும் அதன் பூர்வோத்தரம். ஒருவன் தன் அட்டையைத் தரையில் வைக்க, மற்றவன் தன்னுடையதை ஓங்கி அதன் பக்கத்தில் அறைவான். அந்த வேகத்திலும் காற்றிலும் கீழே இருப்பது புரண்டால் அது அறைந்தவனுக்கு. ஓரத்துக் கைகள் அபயமும் அல்ல, முத்திரையும் அல்ல. கல், கத்தரி, காகிதம் என்று கையால் ஆடுகிற ஆட்டத்தின் அடையாளங்கள். எண்ணும் அப்படியே, எவனுடையது பெரிது என்று மோதிப் பார்க்க. ஆகவே சேகரிப்பதற்கென்று அவன் செய்த பொருளே அல்ல அது. அறைந்து, நசுக்கி, தோற்று, ஜெயித்து ஒழிப்பதற்கென்றே செய்தது. கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் நாங்கள் அதைச் சரியாகத்தான் உபயோகித்திருக்கிறோம்.

படத்திலிருப்பவன் ரிக்கிடோஸான் அல்லன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவன் 1950-லேயே சுமோவை விட்டுக் கொண்டையை அறுத்துக்கொண்டவன். இவன் டோச்சினிஷிக்கி, 1954-இல் யோகொஸுனா என்ற உச்சப் பட்டம் பெற்ற 44-ஆவது மல்லன். அந்தப் பட்டத்துக்கு உடம்பு சிறியது; பிடியின் சாதுர்யத்தாலேயே ஜெயித்து, பத்துத் தடவை வாகை சூடியவன். 1960-ஆம் வருஷம் மார்ச் மாதப் போட்டியின் கடைசி நாளில், அவனும் வாகனோஹானா என்ற அடுத்த யோகொஸுனாவும், இருவரும் அதுவரை ஒரு பந்தயமும் தோற்காமல், எதிரெதிரே நின்றார்கள். டோச்சினிஷிக்கி தோற்றான், அதற்கடுத்த போட்டியிலேயே ஓய்வு பெற்றான். இதை அறிந்ததில் எனக்கு ஏமாற்றம் ஏற்பட்டிருக்க வேண்டும். ஏனோ ஏற்படவில்லை. சிறிய உடம்புக்காரன் என்பது கேட்டுப் பிரியம் கூடிற்று. பேரன் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான்: ஓரம் நசுங்காமல் இருந்திருந்தால் நல்ல விலைக்குப் போகுமாம். அந்த நசுங்கலை இப்போதும் கட்டை விரலால் தடவிப் பார்க்கிறேன். பக்கத்திலேயே, அதைவிடப் பழையதாக, மையோடு சேர்ந்து மழுங்கிய இன்னொரு நசுங்கல் இருக்கிறது. அது அரியலூர்க் கல்லால் ஏற்பட்டதல்ல. எனக்கு முன்னால் எவனோ ஒருவன் ஆடியிருக்கிறான்.

காகிதப் பொம்மையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

அட்டைகளைக் கொடுத்த அன்று மத்தியானம், சாப்பாட்டுக்குப்பின் திண்ணையில் படுத்திருந்த மாமா எழுந்து, என் டப்பாவைக் காலி செய்யச் சொல்லி, கவிழ்த்து வைத்து, அதன் அடித்தகட்டில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். கத்தரி மார்க் பெட்டி இரண்டைப் பிரித்து, நகத்தால் கீறி மடித்து, ஆயாவின் பாக்குவெட்டியால் நறுக்கி, கையை முன்னால் நீட்டிக் காலை அகட்டி நிற்கிற இரண்டு மல்லர்களைப் பத்து நிமிஷத்தில் செய்துவிட்டார். இருவரையும் வட்டத்தின் நடுவில் ஒருவர்மேல் ஒருவர் சாயும்படி நிறுத்தி, டப்பாவின் விளிம்பை விரல்களால் டொக் டொக்கென்று தட்டினார். மல்லர்கள் அதிர்ந்தார்கள், நகர்ந்தார்கள், பிடித்தார்கள், சுழன்றார்கள், ஒருவன் விழுந்தான். நான் கூச்சலிட்டேன். ஜப்பான் ராஜ்யத்தில், துறைமுகக் கிடங்கில், காவலுக்கு நின்ற பதினெட்டு வயது சிப்பாய்ப் பையன் ஒருவன் மத்தியான வேளையில் செய்து காட்டியது என்றார். சொல்லிவிட்டு உள்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

ஆயா நிலைப்படியில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவர், நான் பார்த்திராத பெரிய மாமா, ஜோகூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரர்கள் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்குத் தோட்டத்துத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போனபோது 1943-இல் அவரும் போனார். போனார் என்பதற்குமேல் ஒரு வார்த்தையும் வீட்டுக்கு வரவில்லை. இறந்த சேதி வராததால் காரியமும் செய்யவில்லை. இவையெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. அன்று தெரிந்ததெல்லாம், ஆயாவும் ஆட்டத்தைப் பார்க்கிறாள் என்பதுதான். வாலிகண்டபுரத்துப் பெண்பிள்ளைக்கு இரண்டு பேர் கட்டிப்புரண்டால் வேறு யாராக இருக்க முடியும்? வாலி பூஜித்த சிவன் கோவிலின் நிழலில் வளர்ந்தவள். "இது வாலி, அது சுக்ரீவன்" என்றாள்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே ஆயா, எப்படிக் கண்டுபுடிக்கிறது?" என்றேன்.

"ராமனுக்கே தெரியலையாம். சின்னவன் கழுத்துல மாலையைக் கட்டுன்னு சொல்லித்தான் அனுப்பினான்."

மாமாவின் டிரங்குப் பெட்டியைக் கட்டி வந்த கயிற்றிலிருந்து சிவப்புப் பிரி ஒன்றை உருவிச் சுக்ரீவன் கழுத்தில் கட்டினேன். மாமா தட்டினார். நூல் கட்டினவன் தடுமாறி, வட்டத்தின் விளிம்புவரை போய், எப்படியோ நின்றான். நூல் இல்லாதவன் விழுந்தான். மறுபடி நிறுத்தினோம். மறுபடியும் அவனே விழுந்தான். மடிப்பில் ஏதோ கோணல் இருந்திருக்க வேண்டும். மூன்றாம் தடவை அவன் விழுந்தபோது நான் கைகொட்டினேன். ஆயா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எவனோ தட்டுறான், எவனோ விழுறான்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

மாமாவின் விரல் டப்பாவின்மேல் அப்படியே நின்றுவிட்டது. ஆயா குனிந்து, விழுந்து கிடந்ததை எடுத்து, முந்தானையில் தூசியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கேட்டால் தருவாள் என்று நினைத்துச் சாயங்காலம் கேட்டேன். "காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள். மாமா எனக்கு வேறொன்று செய்து தரவில்லை. நானும், ஏனென்று தெரியாமலே, கேட்கவில்லை. மறு மாதம் அவர் ரஜூலாவில் திரும்பிப் போனார்.

1967-ஆம் வருஷம் மார்கழியில் ஆயா காலமானாள். குளிப்பாட்டுவதற்குமுன் அம்மா அவள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, நாடாவைத் தளர்த்தி, பாயின்மேல் கொட்டினாள். காய்ந்த வெற்றிலைக் காம்பு, பாதிப் பாக்கு, சுண்ணாம்பு டப்பி, இரண்டு நாலணாக் காசு. அவற்றோடு, வெற்றிலைச் சாறு பட்டுப் பழுப்பேறி, மடிப்புக் கலையாமல், கையை முன்னால் நீட்டிக் காலை அகட்டிய ஒரு கத்தரி மார்க் அட்டை. அதன் கழுத்தில் நூல் இல்லை. அம்மா அதை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு காசை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் பைக்குள் திரும்பப் போட்டு, நாடாவை இழுத்து, ஆயாவின் இடுப்பிலேயே முடிந்துவிட்டாள்.